நூலுக்குத் தெரியாத வாட்டம்

ஜீப் வாய்க்காலுக்குள் இறங்கியபோது சத்தமே கேட்கவில்லை என்றுதான் குந்தவைக்கு நினைவு. இடப்பக்க முன்சக்கரம் முதலில் போனது. பிறகு வானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்னால் சுருட்டி அடுக்கியிருந்த பாய் நாற்றுகள் உருண்டு தண்ணீரில் விழுந்து, விழுந்த வேகத்தில் தாமாகவே விரிந்துகொண்டன. இயந்திர நடவுக்காகத் தட்டில் வளர்த்து, கோரைப்பாயைப் போலவே சுருட்டி எடுத்துப்போகிற நாற்று அது. புதுத்தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் பச்சைப் பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே மிதந்து போயின. ஒரு வயல் எழுந்து தன்பாட்டுக்கு ஊரைவிட்டுப் போவதைப் போல இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு குந்தவை அதைப் பார்த்தாள். அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தாள்.

அப்புறம்தான் ஈஸ்வரி கத்துவது கேட்டது. ஈஸ்வரியின் இடது முன்கை முறிந்திருந்தது.

டிராக்டர் வைத்து ஜீப்பை இழுத்தார்கள். ஈஸ்வரியின் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு காய்வதற்குள் ஊர் முடிவு சொல்லிவிட்டது. குந்தவை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. குறுவை நேரம். விடியுமுன் எழுந்து நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் பாய்களைச் சுருட்டி ஏற்ற வேண்டும், நடவு இயந்திரம் எந்த வயலில் நிற்கிறதோ அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டத்தில் நன்றாகத் தூங்கியவர்கள் என்று யாரும் கிடையாது. நின்ற இடத்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே, சோற்றில் கைவைத்தபடியே ஜனங்கள் தூங்குவார்கள். அன்றைக்கு வாய்க்கால் கரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. தண்ணீர்மேல் வெயில் பட்டு நீளமாக ஒரு வெளிச்சம் கூடவே ஓடிவந்தது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் வானம் சரிந்ததுதான். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடு இடத்தில் இருந்தது தூக்கமா, வெளிச்சமா என்று அவளுக்கே தெரியவில்லை. தூங்கியிருந்தால் ஈஸ்வரியின் கையை உடைத்தது அவள். இந்த ஒன்றைத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊர் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அவள் புருஷன் ராஜ்குமார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். போனில் முகம் தெரிந்ததும் நேராகக் கேட்டான்.

"உண்மையச் சொல்லு. கண்ணசந்துட்டியா?"

"தெரியலங்க."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? தூங்குனது தெரியாதா ஒருத்திக்கு?"

"தூங்குனா எப்படிங்க தெரியும்?"

அவன் சிரிக்கவில்லை. "வண்டிய மூஸா பாய் பட்டறையிலயே விட்டுடு. நான் வந்து வித்துக்குறேன். நாத்த டிராக்டர்ல அனுப்பு."

"டிரெய்லர் கரையில திரும்பாதுங்க. அதுக்குத்தான இத எடுத்தோம்."

"அப்ப ஒரு டிரைவரப் போடு. ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இங்க என்ன பண்ணுவேன்?" அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கியது. அதனால் அவளும் சண்டை போடவில்லை.

அது ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும். மழையில் ஊறிய கரையில், வண்டிகள் எல்லாம் சறுக்கி நிற்கிற இடத்தில், அது மட்டும் எருமை மாதிரி நிதானமாக ஏறிப் போகும்.

அந்த நாளிலிருந்து குந்தவைக்கு எல்லாமே இடப்பக்கம் சரிந்து தெரிந்தது. டம்ளரில் டீ ஒரு பக்கமாக நின்றது. நிலைப்படி சாய்ந்தது. தெருவில் நடந்தால் கால் தானாக இடது ஓரத்துக்குப் போயிற்று. சரிவு என்ற ஒன்றே இல்லாத ஊர் அது. கோயில் கோபுரத்தையும் ரயில்வே மேம்பாலத்தையும் விட்டால் ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. இருக்கிற சரிவும் மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும். இப்போது தனக்கும் தெரிகிறதோ என்று அவள் பயந்தாள். பாயில் படுத்தால்கூட மெல்ல மெல்ல உருண்டு எதிலோ போய் விழப்போகிற மாதிரி இருந்தது.

ஈஸ்வரியைப் பார்க்கப் போனாள். ஈஸ்வரி பல வருஷமாக அவளோடு வேலை செய்கிறவள். நாற்று ஏற்றுவது இறக்குவதோடு இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. கரை பார்ப்பது. ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடது சக்கரம் கரையின் விளிம்புக்கு எவ்வளவு கிட்டே போகிறது என்பது தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, விளிம்பு நெருங்கினால் "கரை, கரை" என்று கத்த வேண்டும். வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் இப்படி ஓர் ஆள் உண்டு.

"என்னக்கா, மொகம் ஏன் இப்படி வாட்டமா இருக்கு? கை ஒடஞ்சது எனக்கா ஒனக்கா?" என்றாள் ஈஸ்வரி. கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தாள்.

"வலிக்குதாடி?"

"வலி கெடக்குது. அரிக்குது, அதான் தாங்கல. உள்ள வெரல் போவ மாட்டேங்குது." சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தன் புருஷனைத் தாடையால் காட்டினாள். "இவரு சிமெண்டு பூசுற சட்டுவத்த நீட்டுறாரு, சொறிஞ்சுக்கடின்னு. கொத்தனாருக்கு வாக்கப்பட்டா இதான்."

பக்கிரி கொத்தனார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

குந்தவை கேட்க வந்ததைக் கேட்கவில்லை. நான் தூங்கினேனா என்று கேட்டால் ஈஸ்வரி இல்லை என்றுதான் சொல்வாள், வேலை கொடுக்கிறவளிடம் வேறு என்ன சொல்வாள் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டாள்.

குத்தாலத்திலிருந்து மாயவரம் போகிற ரோட்டில் மூஸா பாயின் பட்டறை. ஜீப்பின் இன்ஜினைப் பிரித்துச் சேற்றைக் கழுவி, எண்ணெய் எல்லாம் மாற்றி ஓட வைத்திருந்தார். விற்பதானாலும் வீட்டில் நிற்கட்டும் என்று குந்தவை எடுக்கப் போனாள்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. போன மாசம்தான முன்சக்கரமெல்லாம் பாத்துக் குடுத்தேன்" என்றார் பாய்.

பார்த்துக் கொடுத்தது உண்மைதான். இடப்பக்க முன் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தது. சக்கரம் நேராக நின்றால் டயர் முழுக்க ஒரே சீராகத் தேயும். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தால் உள்விளிம்பு தேயும், வெளியே சாய்ந்தால் வெளிவிளிம்பு. கார்களில் இதை மரையைத் திருப்பியே சரிசெய்துவிடலாம். இந்த ஜீப்புக்கு இரண்டு சக்கரத்தையும் கோத்த ஒற்றை இரும்பு அச்சு, திருப்ப ஒன்றும் கிடையாது. சக்கரம் உட்காரும் ஹப்பைக் கழற்றி, அதற்கும் அச்சு முனைக்கும் நடுவே ஒரு தகட்டைச் சொருகித்தான் நிமிர்த்த வேண்டும். ஷிம் என்பார்கள். ஒரு பக்கம் தடித்து எதிர்ப்பக்கம் மெலிந்த வட்டத் தகடு. சக்கரத்தை இழுக்கும் தண்டு போவதற்கு நடுவில் ஓட்டை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். பாய் தேய்ந்த பேரிங்கை மாற்றிவிட்டு, மட்கார்டிலிருந்து, கொத்தனார்கள் வைத்திருக்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சக்கரத்துக்கும் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பார்த்து, இரண்டு பக்கத்துக்கும் தகடு கடைந்து போட்டிருந்தார். கம்ப்யூட்டரெல்லாம் காருக்கு, இந்தக் கெழவிக்கு நூல்தான் என்பார்.

குந்தவை கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ரோட்டுல இடப்பக்கம் இழுக்குது பாய்."

"நம்ம ரோடெல்லாம் ஓரத்துக்குச் சரிஞ்சுதான தங்கச்சி கெடக்கு? எல்லா வண்டியும் இழுக்கத்தான் செய்யும். பயந்துட்டீங்க, அதான். நாலு நாளு ஓட்டுனா போயிடும்."

வீடு வந்து இறங்கியபோது வலது தோள்பட்டை கடுத்தது. தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். இந்தக் கடுப்பு புதிதில்லை. விழுவதற்கு முந்தின நாட்களிலும் இதே இடத்தில் கடுத்தது. நாற்றுப்பாய் தூக்குகிற வலி என்று நினைத்துத் தைலம் போட்டாள். நாற்றுப்பாய் தூக்கினால் இரண்டு தோளும் அல்லவா வலிக்க வேண்டும்? ஒற்றைத் தோள் வலிக்கிறது என்றால், அவள் தெரியாமலே ஸ்டீரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாள் முழுக்க. கட்டுத்தறியில் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

ஆனால் அதுவும் தன் மனசு தேடுகிற சாக்காக இருக்கலாம்.

கையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கே விடுவது? ரோடு ஓரத்துக்குச் சரிந்திருக்கிறது. நெல் காயப்போடும் களத்துக்கு மழைத் தண்ணீர் வடியச் சரிவு கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூட மைதானம் குளத்தைப் பார்த்து இறங்குகிறது. யோசித்துக்கொண்டே போனபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு மட்டமான ஊரில் மட்டமான இடம் ஒன்று கிடைக்கவில்லை.

ஒன்று இருந்தது. தண்ணீர் நிற்கிற வயல்.

அவர்களுடைய கீழ வயல் கோடையில் லேசர் வைத்துச் சமன் செய்தது. மறுநாள் மத்தியானம் அதற்கு மடை திறந்தாள். நீர் மெல்ல ஏறி, விரல் கனம்கூட இல்லாமல், வயல் முழுக்க ஒரே நேரத்தில் பரவிற்று. அடியில் கோடையில் இறுகிய மண் இன்னும் இளகவில்லை. இளகுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஜீப்பை வரப்பு உடைப்பு வழியாக உள்ளே இறக்கினாள். யாரோ போய்ச் சொல்லி ஈஸ்வரி வரப்புக்கு ஓடிவந்திருந்தாள்.

"வாய்க்கா பத்தலன்னு இப்ப வயலாக்கா? ஊர்ல ஒன்ன வேப்பில அடிக்கணும்னு பேசிக்கிறாங்க!"

"நீ வண்டியப் பாத்துக்கிட்டு இரு. என்னப் பாக்காத."

நான்கு சக்கரத்துக்கும் இழுப்பைப் போட்டு, முதல் கியரில் விட்டு, வண்டி நகர்ந்ததும் இரண்டு கையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்தது கனவு மாதிரி இருந்தது. வயலில் மண் தெரியவில்லை, வானம்தான் கிடந்தது. ஜீப் வானத்தின்மேல் போயிற்று. வெள்ளை மேகம் ஒன்றின் நடுவில் புகுந்து அதைக் கலைத்துக்கொண்டு வெளியே வந்தது. கொக்குகள் பறக்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டு நின்றன. இன்ஜின் சத்தம் எங்கோ தொலைவில் யாரோ நெல் அரைப்பதைப் போலக் கேட்டது. எதிரே தெரிந்த ஒற்றைப் பனைமரம் மெதுவாக, மிக மெதுவாக, வலப்பக்கம் நகர்ந்து கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டிப் போயிற்று. அவள் கை மடியிலேயே இருந்தது. தூக்கம் இல்லை. கண் முழுசாகத் திறந்திருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது, மாட்டை அவிழ்த்துவிட்டால் தன் கொட்டிலைத் தேடிப் போவதைப் போல, அதற்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்துக்கு.

இடது வரப்பு கிட்டே வந்ததும் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். தண்ணீரில் கலக்கம் அடங்கி, வானம் திரும்ப வந்து வண்டியைச் சுற்றி நின்றது. தட்டான்கள் வந்தன. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! தூங்கிட்டியா?" என்று கத்திவிட்டு, சொன்ன பிறகுதான் ஈஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குந்தவை தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். சக்கரத் தடம் வந்த வழியெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. அரிவாளைக் கீழே போட்டது போல இடப்பக்கம் ஒரே வளைவு.

"கைய வச்சிருந்தியா விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்டி."

"அப்ப அதுவாத்தான் போவுது" என்றாள் ஈஸ்வரி.

அப்படியே சேறு சொட்டச் சொட்ட ஜீப்பை மூஸா பாயின் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். ஈஸ்வரி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வருகிறேன் என்றாள்.

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "வயல்ல ஓட்டிப் பாத்துட்டு எங்கிட்ட ஞாயம் கேக்குறீங்களே தங்கச்சி. சேத்துல வண்டி எங்க வேணாப் போவும், கப்பல் மாதிரி. உள்ள ஏத்துங்க. நூலு பொய் சொல்லாது, ஒங்க கண்ணாலயே பாருங்க."

சென்ற தையில் கட்டிய புதுக் கொட்டகை அது. சிமெண்டுத் தரை பளபளவென்று இருந்தது. ஜீப்பை உள்ளே நிறுத்தினாள். பாய் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி ஓய்கிறவரை இருவரும் காத்திருந்தார்கள். மேலே அளந்தார், கீழே அளந்தார். வலப்பக்கம் போய் அதையே செய்தார். இரண்டு பக்கமும் நூலும் சக்கரமும் அச்சடித்தாற்போல ஒத்திருந்தன.

"என்ன சொல்றீங்க?"

நூல் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் வயல் பொய்யா? குந்தவை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜீப்பின் வயிற்றிலிருந்து வயல் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இடது சக்கரத்தடியில் விழுந்த சொட்டு அங்கே நிற்கவில்லை. ஒரு கோடாக நீண்டு, அச்சுக்கு அடியில் புகுந்து, வலது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கச் சுவரோரம் இருந்த சாக்கடைக்கு ஓடியது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்து ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பார்த்தே வளர்ந்த கண் அது. அவள் அந்தக் கோட்டின் கூடவே போனாள்.

"பாய், தண்ணி ஏன் அந்தப் பக்கம் போவுது?"

"வாட்டம் குடுத்திருக்குல்ல? வண்டி கழுவுனா தண்ணி தேங்கக் கூடாதுன்னு..."

பாய் அங்கேயே நிறுத்திக்கொண்டார். கையில் பிடித்திருந்த நூலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடி நூலைப் பார்த்தார். குண்டு ஆடாமல் தொங்கியது. வண்டி மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்து நிற்க, சக்கரங்களை மட்டும் அவர் நூலுக்கு நிமிர்த்தி வைத்திருக்கிறார். இந்தக் கொட்டகையில் மட்டும்தான் அவை நேராக நிற்கும். மட்டமான இடத்துக்கு வந்ததும் இரண்டும் இடப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே வண்டியையும் இழுக்கும்.

பாய் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் ஒன்றும் மெக்கானிக் இல்லை. பாய் குந்தி உட்கார்ந்து, சொட்டிய தண்ணீரில் விரலை வைத்தார்.

"யா அல்லாஹ்" என்றார். "ஒங்க கை இல்ல தங்கச்சி. என் கை."

வேறு ஊரில் இந்தத் தவறு நடந்திருக்காது என்று தோன்றுகிறது. மற்ற ஊர்களில் தரை போடுகிறவன் மட்டமாகப் போடுவான். இங்கே சிமெண்டைக் குழைக்கும்போதே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் முதல் யோசனை. கேட்காமலே வாட்டச் சரிவு கொடுப்பார்கள், கேட்டால் கூடுதலாகக் கொடுப்பார்கள். அது எல்லாத் தரையிலும் இருப்பதால் எந்தத் தரையிலும் இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

பாய் போனை எடுத்தார். "இந்தத் தரையப் போட்ட ஆளு வரட்டும்" என்றார். தரையைப் போட்டது பக்கிரி கொத்தனார்.

பக்கிரி தன் சாமான் பையோடு வந்தான். பஸ்ஸில் வந்த ஈஸ்வரியும் கூடவே வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பக்கிரிக்குக் கோபம் வந்தது.

"வாட்டம் நல்லாக் குடு, ஒரு சொட்டு நிக்கக் கூடாதுன்னு யாரு பாய் சொன்னது? இங்க நின்னுதான சொன்னீங்க? டீ வாங்கிக் குடுத்துச் சொன்னீங்க! குடுத்தேன். இந்தக் குத்தாலத்துல இப்படி ஒரு தரையக் காட்டுங்க பாப்போம்!"

"ஒன் தரைய எவன்யா கொற சொன்னான்? நல்லாத்தான்யா குடுத்திருக்க. அந்த நல்லதுதான் வெனையாப் போச்சு."

"நூலு கட்டுறவரு கீழ பாக்க வேணாமா?"

"நான் சக்கரத்தப் பாத்தேன்யா!"

ஈஸ்வரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆக, நீ போட்ட வாட்டத்துல வழிஞ்சுதான் நான் வாய்க்கால்ல விழுந்திருக்கேன்."

பக்கிரி தோளிலிருந்த சாமான் பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"வீட்டுல ஒழுவுற எடத்துக்குப் பூச ஆளு வரல. ஊரான் கொட்டகைக்கு வாட்டம் குடுத்தியாக்கும்! இனிமே சட்டுவத்த நீட்டு, அதாலயே போடுறேன்."

முதலில் சிரித்தது பாய்தான். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தார். குந்தவைக்குச் சிரிப்போடு கண்ணில் நீரும் வந்தது. பழி ஒருத்தர் மேலும் நிற்காமல் வழிந்துகொண்டே போயிற்று, நல்ல தரையில் தண்ணீர் போவதைப் போல. அது கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் தேடவில்லை.

அன்றே வேலையை ஆரம்பித்தார்கள். பக்கிரி மட்டம் பார்க்கும் தன் கண்ணாடிக் குழாயை எடுத்து அதில் தண்ணீர் நிரப்பினான். ஒரு முனையை இடது சக்கரத்தடியில் பாய் பிடித்துக்கொள்ள, மறுமுனையை வலது சக்கரத்தடியில் இவன் பிடித்துக்கொண்டு, நீர்மட்டத்திலிருந்து இரண்டு சக்கரத்தடியும் ஒரே ஆழத்துக்கு வரும்வரை வலப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகையும் ஓட்டுச் சில்லும் வைத்தார்கள். ஜீப் முதல்முறையாக மட்டமாக நின்றது. பாய் நூலை விட்டார். அளந்தார். ஹப்புகளைக் கழற்றினார். வலப்பக்கத்துக்குத் தகடே வேண்டியிருக்கவில்லை. இடப்பக்கத்துக்கு மெல்லிசாக ஒன்று போதும் என்று, வேறொன்று கடைந்து போட்டார். "கூலின்னு பேச்செடுத்தீங்கன்னா இந்தப் பக்கமே வரக் கூடாது" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ராஜ்குமாரிடம் சொன்னாள். சக்கரம்தான் இழுத்திருக்கிறது, கண்டுபிடித்தாயிற்று என்றாள். "சரி, நல்லதாப் போச்சு" என்றான். பிறகு, "இருந்தாலும் நீ தூங்கலங்குறது..." என்று இழுத்தான். அவளுக்கும் அதுதான் உறுத்தியது. சக்கரம் இழுத்தது நிச்சயம். தூங்கவில்லை என்பதுதான் இன்னும் நிச்சயமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கலாம்.

அடுத்த தவணை நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவு இயந்திரம் வாய்க்காலுக்கு அந்தப்புறக் கடைசி வயலில் நின்றது. காலையில் பாய்களை ஏற்றினார்கள். ஏற்றி முடிந்ததும் ஈஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"கட்டுப் பிரிக்கலடி."

"கத்துறதுக்குக் கை எதுக்கு? ஓட்டு."

கரை ஏறினார்கள். இடது பக்கம் வாய்க்கால் நிரம்பிப் போயிற்று. வலது பக்கம் ஓர் ஆள் ஆழத்தில் வயல்கள். காலை வெயில் தண்ணீரில் பட்டு, அன்றைக்குப் போலவே நீளமாக ஒரு வெளிச்சம் கூடவே ஓடிவந்தது. குந்தவை அதைப் பார்க்கக் கூடாது என்று நேரே பார்த்தாள். இடப்பக்கம் விடக் கூடாது, விடக் கூடாது என்று பிடித்தாள்.

"அக்கா, எங்க போற? இந்தப் பக்கம் இம்மாம் கரை கெடக்கு. அந்தப் பக்கம் பாரு!"

வலது சக்கரம் கரையின் புல் விளிம்பில் ஏறியிருந்தது. அடியில் மண் உதிர்ந்து வயலில் விழுகிற சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தாள்.

இன்ஜின் நின்றதும் வாய்க்கால் சத்தம் பெரிதாகிவிட்டது. குந்தவை தன் கைகளைப் பார்த்தாள். ஸ்டீரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி, விரல் கணுக்கள் வெளுத்துப்போய் இருந்தன. யாரும் எதையும் இழுக்கவில்லை. இல்லாத ஒன்றோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜீப்பின் சாய்வைத் தகடு மாற்றி எடுத்துவிட்டார்கள். அது அவள் தோளுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"இப்ப என் கைதான்டி" என்றாள். பிறகு, நினைத்துக்கூடப் பார்க்காமல், இத்தனை நாள் கேட்காததைக் கேட்டுவிட்டாள். "அன்னிக்கும் நான் தூங்கிட்டனா ஈஸ்வரி?"

ஈஸ்வரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "தூங்கறவ ஸ்டீரிங்கத் திருப்புவாளா?"

"திருப்புனனா?"

"நான் கரை, கரைன்னு கத்துறேன். நீ ரெண்டு கையாலயும் இப்படி," என்று நல்ல கையால் காற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினாள், "கெணத்துக் கயிறு இழுக்குற மாதிரி இழுக்குற. பல்லக் கடிச்சுக்கிட்டு. ஈரக்கரை, சக்கரம் வழுக்கிக்கிட்டே போயிடுச்சு. கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டுத்தான் இருந்த."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லாமயா? டீக்கடையில சொன்னேன், ஆசுபத்திரியில சொன்னேன், ஒங்க தெருவுல வந்து சொன்னேன். எசமானியக் காப்பாத்துறா பாருன்னு சிரிச்சாங்க." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ கேப்பன்னு இருந்தேன். கை ஒடஞ்சவளுக்குத்தான தெரியும், யாரு ஒடச்சதுன்னு. நீ வந்த, வலிக்குதான்னு கேட்ட, போயிட்ட."

ஊரைப் போலத்தான் குந்தவையும் ஈஸ்வரியின் வார்த்தைக்கு எடை கொடுக்கவில்லை. இன்னும் மோசம், கேட்கும் முன்பே அதற்கு எடையில்லை என்று ஒதுக்கிவிட்டாள்.

"தப்புதான்டி" என்றாள்.

"நாத்து காயுது, ஓட்டு."

வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் கரை நடுவில் நிறுத்தினாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். தளர்வது கஷ்டமாக இருந்தது, நாற்றுக்கட்டின் முடிச்சை நனைந்த பிறகு அவிழ்ப்பதைப் போல. உள்ளங்கையை மட்டும் ஸ்டீரிங்மேல் வைத்துக்கொண்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். ஜீப் நகர்ந்தது. தோள் இழுக்கப் பார்த்தது, அவள் விடவில்லை. மறுபடி பார்த்தது, மறுபடி விடவில்லை. கொஞ்ச தூரத்தில் தோளுக்கு அலுத்துவிட்டது.

பாய்களை இறக்கினார்கள். இயந்திரம் அவற்றை வாங்கி, கோடு கோடாகத் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டு போயிற்று.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. வெறும் வண்டி. கரை முடிந்து தார் ரோடு வந்துவிட்டது. ரோடு ஓரத்துக்குச் சரிந்துதான் கிடந்தது. ஜீப் அதற்கு ஏற்றபடி லேசாக, எல்லா வண்டியும் இழுக்கிற அளவுக்கு, இழுத்தது. அவள் இழுக்க விட்டு, திரும்ப வாங்கினாள். ஏதோ கேட்கலாம் என்று பக்கத்தில் பார்த்தால், ஈஸ்வரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. பள்ளம் வந்தபோது தலை ஆடி, கம்பியில் இடித்துக்கொண்டு, அப்போதும் எழவில்லை.

குந்தவை கியரைக் குறைத்தாள்.